ஐந்தாவது ரிம்

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் ஒரு கார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாற்பத்து மூன்று வயதில், மூன்று கதவுகள் கொண்ட பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். உருவத்தில் சிறியது, ஆனால் எஞ்சினில் டர்போ இருந்தது. அந்த மாதிரிக் காரை அன்று இளவட்டங்கள்தாம் ஓட்டினார்கள். மம்பா ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கு இது எதற்கு என்று, நாங்கள் குடியிருந்த ராசாவில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லாரும் கேட்டார்கள். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. "முழு வழுக்கை ஆவுறதுக்குள்ள அந்தத் தலையில கொஞ்சம் காத்து படட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

தார்ச் சாலையில் கார் சொன்னபடி கேட்டது. தோட்டத்துச் செம்மண் பாதையில் கேட்கவில்லை. லாரிகள் ஓடி ஓடி, துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக மேடு விழுந்த பாதை அது. முன்சக்கரங்கள் ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த பள்ளத்தில் இறங்காமல் தாவும். ஸ்டேரிங் கையில் நடுங்கும். காரணத்தை ஒரு மோட்டார் பத்திரிகையில் படித்தேன். காரின் எடையை ஸ்பிரிங் தாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரத்தின் எடையைத் தாங்க எதுவும் இல்லை. சக்கரம் லேசாக இருந்தால் பாதையை விடாமல் அதனோடு ஏறி இறங்கும்.

அப்படி லேசான ரிம் தேடுவதில் மூன்று மாதம் போயிற்று. நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன்: போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளையின் அகலம், ரிம் வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும், மட்கார்டில் உரசுமா. கடைசிக் கட்டம் எடை. அம்பாங்கானில் பழைய ஜப்பான் ரிம் விற்கும் சீனத் தவுக்கேயின் கடையில், முதல் நான்கும் பொருந்துகிற மூன்று வகை கிடைத்தன. அவர் அவற்றைப் பக்கத்துக் கோழிக்கடைத் தராசில் நிறுத்து, உட்புறத்தில் சாக்குக்கட்டியால் எழுதிவைத்திருந்தார்: 4.6, 5.2, 6.0. மிக லேசான வகையில் ஸ்பேரோடு சேர்த்து ஐந்து இருந்தன. ஐந்தாவதன் விளிம்பில் ஒரு கீறல்.

கோழிக்கடைத் தராசை நம்பி ரிம் வாங்குகிறவன் இல்லை நான். வகைக்கு ஒன்றாக, அந்தக் கீறல் விழுந்ததையும் சேர்த்து, மூன்றை இரவல் கேட்டேன். பெண் பார்க்கிறவன்கூட இத்தனை தடவை வரமாட்டான் என்று தவுக்கே மலாயில் சொல்லிக்கொண்டே அவற்றை என் காரின் பின்பெட்டியான பூட்டில் வைத்தார்.

நான் நம்பியது எங்கள் தோட்டத்துத் தராசை. பால் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கும் வட்டமுகத் தராசு. கீழே ஒரு கொக்கி. பால்வெட்டுகிறவர்கள் வாளியைக் கொக்கியில் மாட்டுவார்கள்; முள் காட்டுவதை நான் எழுதுவேன். வாளியின் எடையை ஒவ்வொரு தடவையும் கழிக்க வேண்டாம் என்பதற்காக, எனக்கு முந்திய கிராணி காலத்திலேயே அந்த எடை அளவுக்கு முள்ளைப் பின்னால் திருகி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் ஒரு காலி வாளியை மாட்டிப் பார்ப்பேன். முள் பூஜ்யத்தில் நிற்கும். 'முள் சரி' என்று நாட்குறிப்பில் எழுதுவேன். பதினொரு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த மாதம் கொட்டகையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. என் வயதுடைய ஒரு பெண்மணி; கணவர் இல்லை; இரண்டு பெண் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் படித்தார்கள். முந்தைய ஆண்டு மழையில் சரிவில் விழுந்து தோளைக் கெடுத்துக்கொண்டிருந்தார். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த வாளிகளைத் தூக்க அவரால் முடியவில்லை. மற்றவர்கள் இரண்டு வாளியில் கொண்டுவரும் பாலை அவர் அரை அரையாக நான்கு வாளியில், இரண்டு நடையில் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவருடைய பால் எடை விழுந்துவிட்டது. மரங்களை வெட்டாமல் விடுகிறார் என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். மாதக் கடைசியில் அவரைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வேலைக்குப் போடுவதாக முடிவாகியிருந்தது. புல்வேலைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

"ஒரு மரம்கூட வுடல கிராணி. தராசுதான் முழுங்குது" என்று என்னிடம் சொன்னார்.

மண்டோர் அருகில் நின்றார். "தராசுக்கு ஒன்மேல மட்டும் என்ன கோவம்? எல்லாருக்கும் ஒரே தராசுதான லா."

அந்த வாதம் எனக்குச் சரியாகவே பட்டது. தோட்டத்தில் தராசைக் குறை சொல்வது மழையைக் குறை சொல்வதுபோல. கேட்டுக்கேட்டு என் காது பழகியிருந்தது.

ரிம்களை நான் கொட்டகைக்குக் கொண்டுபோனது நிறுவை முடிந்த மத்தியான நேரத்தில். கடைசியாக வருகிற அந்த அம்மாள் மட்டும் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். வழக்கப்படி காலி வாளியை மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, வாளியை எடுக்காமலே அதே கொக்கியில் முதல் ரிம்மைக் கோத்தேன்.

"என்ன கிராணி, இப்ப ரிம்மும் பால் குடுக்குதா?"

நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். 4.6 என்று சாக்குக்கட்டியில் இருந்தது தராசில் 3.9 காட்டியது. அடுத்தது 5.2க்கு 4.5. மூன்றாவது 6.0க்கு 5.3. எனக்கு மகிழ்ச்சிதான். தவுக்கே சொன்னதைவிட ரிம்கள் லேசு. கோழிக்கடைத் தராசு கூட்டிக் காட்டுகிறது என்று அந்த அம்மாளிடமும் சத்தமாகச் சொன்னேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "லேசுன்னுதான அந்த ரிம்ம விக்கிறான்? விக்கிறவன் எடையக் கூட்டியா சொல்லுவான் கிராணி? கொறைச்சில்ல சொல்லுவான்."

நான் நோட்டை மறுபடி பார்த்தேன். மூன்றிலும் ஒரே வித்தியாசம், எழுநூறு கிராம். கடைசி ரிம்மை இறக்கினேன். காலி வாளி மட்டும் தொங்கியது. முள் பூஜ்யத்தில், அதைத் தடுக்கும் சிறிய ஆணியில் சாய்ந்து நின்றது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வாளியில் ஊற்றினேன். முள் அசையவில்லை. இன்னொரு மங்கு ஊற்றினேன். அவர் பக்கத்தில் வந்து நின்று எண்ணத் தொடங்கினார். மூன்று, நான்கு. ஐந்தாவது மங்கு தண்ணீரில்தான் முள் ஆணியை விட்டு நகர்ந்தது.

அப்போதும் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. முள்ளைத் திருகி வைத்தது இரும்பு வாளிகளின் காலத்தில். மூன்று வருடத்துக்கு முன் தோட்டம் பிளாஸ்டிக் வாளிகளுக்கு மாறியது. அந்த வாளிகளைக் கையெழுத்துப் போட்டு எடுத்தவன் நான்தான். திருகை யாரும் தொடவில்லை. வாளி லேசாகிவிட்டதால் முள் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும்; ஆணி அதைப் பூஜ்யத்திலேயே பிடித்துவைத்திருந்தது. ஒவ்வொரு வாளிக்கும் எழுநூறு கிராம் பால் போயிருக்கிறது. மற்றவர்களுக்குத் தினம் இரண்டு வாளிக்கு; அவருக்கு நான்கு வாளிக்கு.

அவர் என் கையிலிருந்து மங்கை வாங்கிக்கொண்டார். மங்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, காண்டாக் கம்பை எடுத்துக்கொண்டு போனார்.

மண்டோரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. சத்தமில்லாமல் திருகைச் சரிசெய்துவிட்டால் நாளையிலிருந்து எல்லாருக்கும் சரியாகிவிடும், உங்கள் பெயருக்கும் ஒன்றும் வராது என்றார். அன்று சாயங்காலம் ரிம்களோடு வீட்டுக்கு ஓட்டிப்போகும்போது அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் நாட்குறிப்பைப் புரட்டி, வாளி மாறிய நாளைத் தேடினேன். என் கையெழுத்தில் இருந்தது: 'புதிய பிளாஸ்டிக் வாளிகள். எடை குறைவு. பெண்களுக்கு மகிழ்ச்சி.' அடுத்த நாள்: 'முள் சரி.'

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அந்தக்காவ மாசக் கடைசியிலதான மாத்துறாங்க? இன்னிக்கி இருவத்தெட்டு" என்றாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். நாட்குறிப்பை அவரே வாங்கிப் பார்த்தார். மூன்று வருடமாகச் சரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, இப்போது எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கீறல் விழுந்த ரிம்மோடு அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். காலி வாளியோடு மாட்டினால் தராசில் 3.9. அங்கிருந்து தோட்டத்து மருத்துவமனைக்கு. குழந்தைகளை நிறுக்கும் தராசில் 4.6. மருத்துவமனை ஆயா ஒரு துணியை விரித்து, அதன்மேல் ரிம்மைப் படுக்கவைத்து நிறுத்தார். மேனேஜர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

திருகு சரிசெய்யப்பட்டது. அந்த அம்மாளை மாற்றும் உத்தரவு நின்றது. அவர் வெட்டிவந்த மரவரிசையான நிரை அவரிடமே இருந்தது. அந்த மாதத்துக் குறையை மட்டும் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தைப் பற்றி நான் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரிம்களில் லேசான வகையைத்தான் எடுத்தேன். வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்தது. செம்மண் பாதையில் முன்சக்கரங்கள் முன்போலத் தாவவில்லை. ஸ்டேரிங்கில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. ஸ்பேராகப் பூட்டில் பழைய இரும்புச் சக்கரம்தான் கிடந்தது. ஐந்தாவது ரிம்மைக் கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டேன். நிறுவை தொடங்குமுன் காலி வாளியோடு அதையும் தராசில் தொங்கவிட வேண்டும் என்று வழக்கமாக்கினேன். அதை மாட்டுவது நான் இல்லை, வரிசையில் முதலில் நிற்பவர்.

முதல் நாள் வரிசையில் முதல் ஆளாக, எப்போதும் கடைசியில் வருகிற அந்த அம்மாள் நின்றார். வாளிகளை இறக்கிவைத்து, நல்ல கையால் ரிம்மை எடுத்து மாட்டினார். முள் நிற்கும்வரை பொறுத்தார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவரே படித்தார்.

"நாலு புள்ளி ஆறு. எழுதிக்குங்க கிராணி."

எழுதிக்கொண்டேன்.