கல் இரண்டு, ஈயத் துண்டு பதினொன்று

ஒருவரிடமிருந்து அரசு ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதற்குப் பிறகு இரண்டு வழிகள்தான் உண்டு. வழக்குப் போட்டால் பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். வழக்கு இல்லையென்றால் உடையவரிடம் ஒப்புகை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி எந்த நடைமுறை நூலிலும் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இல்லை. என் அண்ணன் விஷயத்தில் அந்த மூன்றாவது வழியைத்தான் கண்டுபிடித்தார்கள். பொருளை வைத்துக்கொண்டு ஆள் சாகும்வரை காத்திருப்பது.

நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். அண்ணன் சாந்தமானவர், சாந்தமாக எழுதுங்கள் என்று அவருடைய மருமகன் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாந்தத்தைப் பார்த்துத்தான் ஐந்து ஆண்டுகள் அலைக்கழித்தார்கள். சாந்தமாக இருக்க வேண்டிய பங்கை அண்ணன் குறைவில்லாமல் செய்து முடித்துவிட்டார். மீதியை நான் செய்கிறேன்.

அண்ணன் சிலமலையில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போடியில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தார். வண்டி கழுவினார், கிளீனராகப் போனார், பிறகு ஜீப் ஓட்டினார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், மாலையில் ஆட்களும் மூட்டைகளுமாக இறங்கி வருவார். அந்த வளைவுகளில் முப்பது ஆண்டுகள் ஓட்டியும் வண்டியை ஒருமுறைகூடப் பள்ளத்தில் விட்டதில்லை. நான் கல்லூரி படித்ததும் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த ஜீப் போட்ட பிச்சை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஏற்றிச் செல்லும் தோட்ட மேலாளர் ஒருவருக்கு மீன்பிடிப்பில் பைத்தியம். மலைமேல் இருக்கும் அணையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுருள் வைத்த தூண்டிலோடு நிற்பார். மண்புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. சீமையிலிருந்து வந்த சின்ன உலோக மீன் ஒன்றைத் தூர வீசி இழுப்பார். அது தண்ணீருக்குள் துள்ளித் துள்ளி வருவதைக் கண்டு பெரிய மீன் உயிருள்ளது என்று நம்பிக் கவ்வும். ஒருநாள் அது மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் மாட்டி அறுந்துபோனது. மேலாளர் இழவு விழுந்த வீட்டுக்காரர் போல உட்கார்ந்துவிட்டாராம். மறுவாரம் நீர்மட்டம் இறங்கியதும் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் அட்டையில் வரைந்துகொண்டு, இரண்டாம் நாள் மேலாளரிடம் கொடுத்துவிட்டார். கைக்கு வந்த பொருளை இரண்டே நாளில், மனு இல்லாமல் உடையவரிடம் சேர்த்தார் என்பதைத் துறையினர் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளட்டும்.

அதே மாதிரி தானும் செய்ய வேண்டும் என்று அண்ணனுக்குப் பிடித்துக்கொண்டது. வீட்டில் உடைந்த கல்சட்டி ஒன்று கிடந்தது. மாக்கல் நெருப்பைத் தாங்கும், உளிக்கும் இளகும். அதன் அடிப்பாகத்தை இரண்டு பலகையாக அறுத்து, தரையில் தேய்த்துச் சமமாக்கி, ஒவ்வொன்றிலும் பாதி மீன் தலையைக் குடைந்தார். குடைய ஓர் ஆண்டு ஆனது. வண்டி இல்லாத நாள்களில் ஒரு ஆணியும் ஒரு சிறு உளியுமாக உட்காருவார். செதில்கூடக் கோடு கோடாகத் தெரியும். இரண்டு பலகையும் பிசகாமல் பொருந்த மூலைக்கு ஒரு ஆணி, தூண்டில் முள்ளைக் கிடத்த ஒரு பள்ளம், ஈயம் ஊற்ற மேலே ஒரு வாய்.

வேலையையும் சொல்ல வேண்டும். கல்லை முதலில் அடுப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். மலையில் பனியிறங்கினால் கல் வியர்க்கும் என்பதால் போடி வீட்டில்தான் வார்ப்பார். குடைவுக்குள் விளக்குப் புகையைப் பிடித்துக் கரி ஏற்றினால் ஈயம் மூலை முடுக்கெல்லாம் ஓடும். முள்ளை வைத்து, கல்லை மூடி, கம்பியால் இறுக்கி, பழைய கேபிள் உறையை உருக்கிய ஈயத்தை ஒரே ஊற்றாக ஊற்றுவார். நிறுத்தி ஊற்றினால் தழும்பு விழும். ஆறியதும் திறந்து, ஊற்றிய வாயில் மிஞ்சி நிற்கும் ஈயக் கொழுப்பைக் குறட்டால் வெட்டி, வர்ணம் பூசி, கண் வரைவார். சேவல் இறகையும் பழைய சேலைச் சரிகையையும் வைத்து வால் கட்டுவது அண்ணி. ஜீப் ஸ்டாண்டில் அதற்கு ஈயமீன் என்று பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு மீனாட்சி புருசன் என்று பெயர் வைத்தார்கள். அண்ணி பெயர் அதுவல்ல. இரண்டு ஆண்டுகளில் மலையில் தூண்டில் பிடிக்கும் தோட்டத்துக்காரர்கள் சீமை மீனை விட்டுவிட்டு அண்ணனின் மீனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

1979இல் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது. வலது கை நடுங்கத் தொடங்கியது. ஜீப்பை விட்டார். அப்போதும் இடது முழங்கையைச் செங்கல் மேல் ஊன்றிக்கொண்டு ஈயம் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே போகாது. ஆனால் இன்னொரு கல்லைக் குடைய அந்தக் கையால் இனி முடியாது. அது அவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். அந்த இரண்டு கல் இருக்கும்வரை அவருக்கு வேலை உண்டு, அவ்வளவுதான்.

1981இல் மேலாளர் அந்த வார்ப்புக் கல்லைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அண்ணன் முதல்முறையாக அந்தக் கற்களை மலைக்கு எடுத்துப் போனார். கூடவே முள் வைக்காமல் வார்த்து, கண் மட்டும் வரைந்த பதினொரு தலைகள். மலைச்சாலைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். எந்தத் துறையின் சாவடி என்று எழுதவில்லை. எழுதினால் அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

"என்னய்யா இது, நாட்டுத் துப்பாக்கிக் குண்டா?" என்று காவலர் கேட்டிருக்கிறார்.

"குண்டு இல்ல சார், மீனு."

"ஈயத்துல ஏதுய்யா மீனு?"

"துப்பாக்கிக் குண்டுக்கு யாராச்சும் கண்ணு வரைவாகளா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காவலருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அரைத்தாளில் "கல் இரண்டு, ஈயத் துண்டு பதினொன்று" என்று எழுதி, பொருளை உள்ளே வைத்துவிட்டார். வழக்கு இல்லை. ஒப்புகை கேட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டாராம்.

மறுவாரம் அண்ணன் காவலரின் மேலதிகாரியை அவர் அலுவலகத்தில் பார்த்தார். அவர் நல்லவர், அல்லது அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். கல்தானே, ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றார். அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, என் ரெண்டு கல்லையும் குடுங்கன்னு எழுதிக் குடுடா. வெரசா எழுது, மூணு மணி பஸ்சு இருக்கு."

இந்த இடத்தில் குற்றவாளியைச் சொல்லியாக வேண்டும். அது நான்தான்.

ஒரு வரி மனுவா? பிரிவுக் கண்காணிப்பாளரின் அண்ணன் ஒரு வரி மனு கொடுப்பதா? மூன்று பக்கம் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் வைத்தேன். கைப்பற்றிய பட்டியலில் "கல்" என்றிருப்பது பிழை, அதைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். சரியான விவரம் இது என்று எழுதினேன்: "ஈயத்தை உருக்கி வார்ப்பதற்குரிய இருபாகக் கல் அச்சு." அண்ணன் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இம்புட்டு வேணுமாடா?"

"சும்மா இருங்கண்ணே, இதுதான் முறை" என்றேன்.

கல்லைக் கொடுக்க இருந்த அதிகாரி, ஈயம் வார்க்கும் அச்சு என்று எழுத்தில் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். அது ஆயுதம் செய்யும் கருவியா என்று கருத்துக் கேட்டுக் கோப்பு மேலே போனது. மேலே போன கோப்பு எப்போது கீழே வரும் என்று என்னைவிடத் தெரிந்தவர் மாவட்டத்தில் இல்லை.

பிறகு கேள்விகள் வந்தன. அச்சின் வரைபடம் மூன்று படிகள் வேண்டும் என்றார்கள். அச்சு அவர்களிடமே இருந்தது. மனுதாரர் மீன்பிடி தொழில் செய்பவர் என்று கிராம அலுவலரின் சான்று கேட்டார்கள். சிலமலையில் மொச்சையும் சோளமும் விளையும், கடல் எங்கே இருக்கிறது, நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட என்று அவர் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் எழுதினேன், விதிகளை மேற்கோள் காட்டினேன், நினைவூட்டு அனுப்பினேன். நான் எழுத எழுதக் கோப்பு தடித்தது. தடித்த கோப்பைத் தொட எல்லோரும் பயப்படுவார்கள். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

இதற்கிடையில் அண்ணன் புதுக் கல் வாங்கிக் குடையப் பார்த்தார். உளி வழுக்கி இரண்டாம் நாளே கல் பிளந்தது. களிமண்ணில் செய்து பார்த்தார். தலை ஒரு பக்கம் கோணி வந்தது. கிணற்றில் விட்டுப் பார்த்தால் அது மல்லாந்து வந்தது. "படுத்துக்கிட்டு நீந்துற மீன எந்த மீனுடா நம்பும்?" என்று சிரித்தார். அதன் பிறகு அடுப்பு மூட்டவில்லை. அண்ணி கட்டி வைத்த வால்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன.

1984இல் ஒருநாள் அவரே கல்லை வைத்திருந்த அந்த அலுவலகத்துக்குப் போய் வந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்லு நல்லாத்தான்டா இருக்கு. ஒண்ண கதவுக்கு அண்டக் குடுத்திருக்காக. இன்னொண்ண மேசையில பேப்பர் பறக்காம வச்சிருக்காக. என் மனுவக் கேட்டதுக்கு, கிளார்க்கு அந்தக் கல்லத் தூக்கித்தான் எடுத்தாரு."

எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"நீதானடா சொன்ன, முறைப்படி வாங்கணும்னு."

அந்தக் கதவையும் மேசையையும் கனவில் எத்தனை முறை கவிழ்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. நேரில் போய் என்ன செய்தேன் என்றால், இன்னொரு நினைவூட்டு கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன்.

கடைசி ஆண்டில் அவர் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1986 மார்ச் 9ஆம் தேதி காலையில், அண்ணி காப்பி கொண்டுவருவதற்குள் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் நல்ல சாவு என்றார்கள். வேலை செய்யத் தெரிந்த மனிதனை ஐந்து ஆண்டுகள் சும்மா உட்கார வைத்துக் கொன்றதற்குப் பெயர் நல்ல சாவு என்று நான் எந்த நூலிலும் படித்ததில்லை. மூன்றாம் நாள் அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்கள். "நீங்க எழுதாம இருந்திருந்தா கல்லு வந்திருக்கும் தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வாதம் வந்த அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஜீப் ஸ்டாண்டுத் தோழர்களுக்கும், இது மீன்பிடிக்கும் பொருள்தான் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்த மேலாளருக்கும், கடைசிவரை அவர் கையைப் பிடித்துச் சோறு ஊட்டிய அண்ணிக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. மற்றவர்களுக்கு நன்றி சொல்வதற்கில்லை.

இந்த மலர் தயாராகிக்கொண்டிருக்கும்போது, இறந்தவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மேற்படி பொருள் ஆயுதக் கருவி அல்ல என்று முடிவாகியிருக்கிறதாம். "கல் இரண்டு" என்றே குறித்திருக்கிறார்கள். பதினொரு ஈயத் துண்டுகளைப் பற்றிப் பேச்சில்லை. மனுதாரர் முப்பது நாள்களுக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வாரிசு வந்து பெற்றுக்கொள்வதற்கு என்னென்ன சான்று, எந்தப் படிவம், எத்தனை படி என்று எனக்கு மனப்பாடம். எதுவும் இணைக்கவில்லை. இந்த முறை ஒரே வரிதான் எழுதி அண்ணியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

"என் வீட்டுக்காரர் கல் இரண்டையும் கொடுங்கள்."

பார்வை: தங்கள் கடிதம், எங்களுக்குக் கிடைத்த நாள் 18.2.1987.