வெளியே இருந்த தாழ்ப்பாள்

விசுவமடுவில் அக்கா வீட்டு அறைக் கதவின் வெளிப்பக்கத்தில், தோள் உயரத்தில், ஆணி கழற்றிய ஓட்டைகள் இருக்கின்றன. மெழுகுதிரியை உருக்கி அடைத்து, மேலே பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறது. ஆனாலும் விரல் வைத்தால் தெரியும். அங்கே ஒருகாலம் கனமான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. முள்ளியவளையில் இருந்து எங்கள் மாமா வாங்கிவந்து, தானே அறைந்து பூட்டியது. மனிதர் படுக்கிற அறைக்கு யாராவது வெளியே தாழ்ப்பாள் போடுவார்களா? நாங்கள் போட்டோம். அத்தானுக்காகப் போட்டோம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்த குடும்பம், வயல்தான் தொழில். குடிவெறி இல்லாத நேரத்தில் அவரைப்போல ஒருவரைக் காண்பது கடினம். வரம்பில் நடக்கும்போது எதிரே வருகிறவருக்கு வழிவிட்டுச் சேற்றில் இறங்கி நிற்பார். போரின் கடைசிச் சண்டையில் தம்பியைத் தன் கையாலேயே மண் தோண்டிப் புதைத்தவர். அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கமாட்டார். மீள்குடியேறி வந்தபிறகு காட்டுக்கரையில் காய்ச்சுகிற கசிப்புச் சாராயம் அவருக்குப் பழக்கமாயிற்று. முதலில் பின்னேரத்தில், பிறகு மத்தியானத்தில், கடைசியில் கண் விழித்ததும் கை நடுங்காமல் இருக்கவே அது வேண்டும் என்றாயிற்று.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விட்டது. அக்காவின் வீட்டு வளவிலேயே கொட்டில் போட்டுத் தையல் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்கும் பயம். தூரத்தில் நாய் குரைத்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடிக்கும். அந்தப் பயம் எனக்கு ஒரு கலையையும் பழக்கிவிட்டது. அத்தானின் சைக்கிள் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவேன். ஸ்ராண்டைக் காலால் தட்டி நிறுத்தினால் சோறு போடலாம். வேலியோடு சாய்த்தால் வாய் திறக்கக்கூடாது. நடு முற்றத்தில் அப்படியே விழ விட்டாரென்றால், அக்கா குசினிக்குள் ஓடிக் கத்திகளை அரிசிப் பானைக்குள் புதைப்பார்.

கத்தி கிடைக்காவிட்டால் வேறு எத்தனையோ இருந்தன. மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று கொதிக்கிற சட்டியைத் தூக்கி அக்காவின் கழுத்தில் ஊற்றினார். தோல் வாழைப்பட்டைபோல உரிந்து வந்தது. மண்வெட்டிப் பிடியால் அடித்து விலா எலும்பை முறித்தார். இடையில் புகுந்த என்னைச் சுவரோடு வைத்து இடித்ததில் என் முன்பல் ஒன்று போனது. அயலவர்களுக்கு அது ரேடியோவில் போகிற பாட்டு மாதிரி. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நேரத்தோட தொடங்கிட்டார் போல" என்பார். அடுத்தநாள் காலையில் அத்தான் குந்தியிருந்து அழுவார். அக்காவின் புண்ணுக்குத் தானே மருந்து பூசுவார். அந்த நடுங்கும் கையை அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். தன்னை அடித்தது இந்தக் கையில்லை என்று நம்பிக்கொள்ள விரும்புகிறவரின் பார்வை அது.

ஒருநாள் அத்தானே மாமாவிடம் கேட்டார். "மாமா, என்னை நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்கோ. நான் ஒருநாளைக்கு இவளைக் கொன்றுபோடுவன்." அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த காலம். காவடி எடுக்கிறேன் என்று நேர்த்தி வைத்தால், அதற்கு முன் மச்ச மாமிசம், குடி எல்லாம் விட்டுச் சுத்தமாக இருக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஆண்கள் அந்த விரதத்தோடு குடியை விட்டிருக்கிறார்கள் என்றார் மாமா. "உமக்கு மனக்கட்டு இல்லை. அதால நாங்கள் கதவைக் கட்டுவம்." அப்படித்தான் தாழ்ப்பாள் வந்தது. அத்தான் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கோயிலுக்குள் போகிறவர்போல அந்த அறைக்குள் போனார். "பூட்டுங்கோ" என்று உள்ளே இருந்து சொன்னார். நாங்கள் கும்பிட்டுவிட்டுப் பூட்டினோம்.

முதல்நாள் வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தார். பிறகு வியர்வை, நித்திரையின்மை. "ஒரு சொட்டுத் தாங்கோ, தங்கச்சி" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கெஞ்சினார். வெறி இறங்குகிறது, நல்லது என்றார் மாமா. அடுத்து அவர் உடம்பே குலுங்கத் தொடங்கிற்று. பல்லோடு பல் அடித்தது. சுவரில் இருந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வளவு மாமி ஜன்னலால் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கலை வந்திட்டுது பிள்ளையள்! அம்மன் இறங்கிட்டா!"

அதை யாரும் சந்தேகிக்கவில்லை. விரதம் இருக்கிற உடம்பு, நேர்த்தி வைத்த ஆள், பொங்கல் காலம். அம்மன் வராமல் வேறு யார் வருவது? மாமா தாழ்ப்பாளைத் திறந்தார். அத்தானை முற்றத்தில் கதிரையில் இருத்தி, சிவப்புத் துண்டு போர்த்தி, வேப்பிலை கொடுத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ உடுக்கு அடித்தார்கள். அடிக்க அடிக்க அவர் குலுக்கமும் கூடிற்று. அதைப் பார்த்து இவர்கள் இன்னும் அடித்தார்கள். பிள்ளை காணாமல் போன தாய் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தார். "தாயே, என்ர மகன் எங்க? இருக்கிறானோ, இல்லையோ? வாக்குச் சொல்லு தாயே."

அத்தான் அவரைப் பார்த்த பார்வை இப்போதும் என் நித்திரையில் வருகிறது. "பங்கருக்குள்ள இறங்கு! செல் வருகுது!" என்று கத்தினார். அந்தத் தாயின் தலைமயிரைப் பிடித்து நிலத்தோடு அமத்தினார். கூட்டம் சிதறியது. தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தி அவர் கையில் வந்ததை நான் காணவில்லை. விலக்க ஓடிய அக்கா முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கியதைத்தான் கண்டேன். "துவக்கைக் கீழ போடு! துவக்கைக் கீழ போடு!" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வேப்பிலையில் இரத்தம். பிறகு அவரே மரம் சாய்வதுபோல விழுந்தார். கை கால் இழுத்தது, வாயால் நுரையும் இரத்தமும் வந்தன. யாரோ கற்பூரம் கொளுத்து என்றார்கள். எனக்குப் படிப்பில்லை, ஆனால் பயம் இருந்தது. பயத்தில் என் வாய் தானாகவே கத்தியது. "அம்மன் எண்டால் நாக்கைக் கடிப்பாவோ? ஆள் சாகுது! ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!"

ஆஸ்பத்திரியில் அக்காவை ஒரு பக்கம் தைத்தார்கள், அத்தானை இன்னொரு பக்கம் ஊசி போட்டு அடக்கினார்கள். அப்போதும் கட்டிலில் இருந்து எழும்பித் தாதியின் கன்னத்தில் அறைந்தார். மனநலப் பிரிவு டொக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். "விரதம் பிழைச்சதால அம்மன் கோவிச்சிட்டா" என்று மாமா தொடங்க, அவர் கோபிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "ஐயா, வருசக்கணக்காக் குடிச்ச உடம்பு. ஒரேயடியா நிப்பாட்டினால் மூளை கொதிச்சு எழும்பும். இந்த வலிப்பும், இல்லாததெல்லாம் தெரியிறதும் அதாலதான். இன்னும் ஒருநாள் பூட்டி வைச்சிருந்தால் பிரேதத்தைத்தான் திறந்து எடுத்திருப்பியள். குடிச்சபடியே இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வெறியோட வாற ஆளையும் நாங்கள் ஏசமாட்டம்."

குடித்தபடியே கூட்டிப்போகலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுத்தமான பிறகுதான் கோயிலுக்குப் போவது. ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

அந்த வார்டில்தான் குடிக்கு வைத்தியம் ஒன்றல்ல, பல படிகள் என்று விளங்கிற்று. விளக்கியது பாதி டொக்டர் அம்மா, மீதி பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. அவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், கணவருக்குக் கடல் தொழில். "உங்கட ஆளுக்கு அம்மன் மட்டும்தானே வந்தவ? என்ர ஆளுக்கு மாதா, அந்தோனியார், செத்த மாமியார் எல்லாரும் வந்து போயிட்டினம்" என்று சிரித்தார். அந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒருதரம்தான். அந்தப் பெண்ணின் தம்பியும் குடிதான். ஆனால் அவர் வார்டுக்கு வரவே இல்லை. வலிப்பு வந்ததில்லை, வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறது என்பதால் கிளினிக்கில் குளிசை கொடுத்து, நாள்தோறும் குறைத்துக் குறைத்து வீட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். அத்தானைப்போல உடம்பு முழுதாகக் கெட்டவர்களுக்கு வார்டு வேண்டும். உடம்பு தெளிந்தபிறகு மனதுக்கு வேறு வைத்தியம். சிலருக்குக் கிளினிக்கில் இருந்து கதைப்பதே போதும், சிலர் மாதக்கணக்கில் தங்கி இருந்து பழகவேண்டும். கறிக்குள் தெரியாமல் கலந்துவிடுகிற மருந்து ஏதும் உண்டா என்று மாமா இரகசியமாகக் கேட்டார். "குடிச்சால் சத்தி எடுக்க வைக்கிற குளிசை இருக்கு. ஆளுக்குத் தெரியாமல் குடுத்தால் அது நஞ்சு" என்று டொக்டர் அம்மா கையை ஆட்டிவிட்டார்.

அத்தானை அப்படி மாதக்கணக்கில் தங்கி இருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு அன்றைக்கே மனம் சொல்லிற்று, ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும்தானே மனம் சொல்லும். உயர்ந்த மதில், வாசலில் காவல், காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. சண்டை முடிந்தபின் முட்கம்பிக்குள் இருந்த முகாம் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த இடத்தில் நல்லாகி வந்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அத்தானால் முடியவில்லை. மதில் ஏறிக் குதித்து, வழியிலேயே குடித்து, வெறியில் நேரே வந்தார்.

சைக்கிள் இல்லாமல் வந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அக்காவைத் தலைமயிரில் பிடித்து முற்றத்தால் இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் தலையை மோதினார். "என்னைக் காம்புக்கு அனுப்பினனியோ? என்னைக் காம்புக்கு அனுப்பினனியோ?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். அக்காவின் ஒரு காது அன்றோடு கேட்காமல் போயிற்று. அயல் இளைஞர்கள் அவரை மிதித்து, தென்னையோடு கட்டி, அவர் முகம் அடையாளம் தெரியாதபடி அடித்தார்கள். நிறுத்துங்கோ என்று நான் சொல்லவில்லை. அக்காதான் இரத்தம் வடியும் தலையோடு தவழ்ந்து போய்ச் சொன்னார்.

அக்காவும் நானும் தண்ணீரூற்றில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அத்தான் மீண்டும் வார்டுக்குப் போனார். இனி ஒரு வழியும் இல்லை என்று அழுதபடி அக்கா டொக்டர் அம்மாவிடம் போனபோது நானும் கூட இருந்தேன். "ஒரு மருந்து ஒத்துவராட்டில் நோயாளியைக் குழப்படிக்காரன் எண்டு சொல்லுறதோ? வேற மருந்து பாப்பம்" என்றார். பிறகு அக்காவின் தையல் போட்ட தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனால் அம்மா, அவருக்கு வைத்தியம் ஒரு பக்கம், உங்களுக்குப் பாதுகாப்பு வேற பக்கம். அது ஒரு நோய், வருத்தம் எண்டதுக்காக நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை. அவர் மாறுமட்டும் உயிரைக் குடுத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

இந்தமுறை மதில் இல்லை. வார்டில் உடம்பு தெளிந்ததும் கிழமைக்கு ஒருதரம் கிளினிக், குடியை விட்ட ஆண்கள் சேர்ந்திருந்து கதைக்கிற கூட்டம், வீட்டுக்கு வந்து பார்க்கிற ஓர் உத்தியோகத்தர். தம்பியைப் புதைத்த கதையை அந்தக் கூட்டத்தில்தான் அத்தான் முதல்முதலாகச் சொன்னாராம். பல மாதம் கழித்து, அந்த உத்தியோகத்தரோடு தண்ணீரூற்றுக்கு வந்து, வேலிப் படலைக்கு வெளியே நின்று அக்காவைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டார். அக்கா உடனே தலையாட்டவில்லை. "எனக்கு உள்ளுக்குப் பூட்டுற கதவு வேணும்" என்றார்.

அத்தானே வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி, அதையே உள்பக்கம் அறைந்தார். கை நடுங்காமல் ஆணி அடிக்கிறாரே என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தார். "கெதியாப் போகவேணும். இறுகினால் உனக்கு நேரம் காணாது" என்றார் அக்காவிடம். அன்றிலிருந்து அவர் விறாந்தையில் படுக்கிறார். அக்கா உள்ளே.

போன அறுவடை முடிந்த அன்று பின்னேரம், சைக்கிள் படலைக்கு வெளியே நின்றுவிட்டது. ஸ்ராண்டும் போடவில்லை, விழவும் இல்லை. இந்தச் சத்தம் என் கணக்கில் இல்லாதது. எட்டிப் பார்த்தேன். அத்தான் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. கசிப்பு மணம் படலையைத் தாண்டி வந்தது.

"தங்கச்சி, நான் எடுத்திட்டன். கிட்ட வராதை. அக்காவை உள்ளுக்குப் போய்த் தாப்பாளைப் போடச் சொல்லு. நீயும் போ. அந்த உத்தியோகத்தர் ஐயாவுக்குப் போன் எடு, நான் இஞ்சயே இருக்கிறன்."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் ஒரு சத்தமும் இல்லாமல் போய் விழுந்தது. நாங்கள் இருவரும் கதவில் முதுகை வைத்து நிலத்தில் இருந்தோம். நான் உத்தியோகத்தருக்குப் போன் எடுத்து ஓட்டோவோடு வரச் சொன்னேன். அக்கா தன் கேட்கிற காதைக் கதவோடு வைத்து, படலை திறக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஓட்டோ வந்து அவரை வார்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும்வரை படலை திறக்கவில்லை.