பாதியில் திரும்பிய நாவல்

நீடாமங்கலத்தில் ஒரு சின்ன நூலகத்தை ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டார். மூக்கு நுனியில் கண்ணாடி. திரும்பி வரும் புத்தகங்களில் மடித்த பக்கங்களைத் தேடி விரலால் நீவிவிடுவார்.

பதினைந்து வயதுப் பேத்தியிடமிருந்து நான் பிடுங்கிய நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை.

"இந்த வயசுப் பொண்ணுக்கு ஏத்த நாவலா ஒண்ணு குடுங்கம்மா."

நாவலின் நடுவில் பேத்தி மடித்து வைத்திருந்த பக்கத்தை மட்டும் அவர் நீவவில்லை.

"இதுக்கு என்ன சார் குறை?"

"அட்டையே சரியில்லையே."

"வாத்தியாரா இருந்தப்பவும் அட்டையைப் பார்த்துத்தான் மார்க் போட்டீங்களா?" என்று சிரித்தவர், அதே நாவலை என் பெயரில் பதிந்து நீட்டினார். "முதல்ல நீங்க படிங்க. பாப்பாவுக்கு அப்புறம் சொல்றேன்."

இரண்டே நாளில் முடித்தேன். பிடுங்கும்படி அதில் எதுவுமே இல்லை. இதைப் பேத்தியிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதற்கும் ஒரு புத்தகம் அந்த அம்மாளிடம் இருக்குமோ என்னவோ.