இருபத்தொன்பது டிகிரி

காலையில் அலுவலகக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியவன் நான்தான். நாமக்கல் கோழிப்பண்ணையின் வெப்ப அளவைச் சேலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் கிளவுட் மென்பொருளில் அதை மாற்ற மறந்துவிட்டேன். அது லாகின் ஆகாமல் நின்றுபோனது. திரையில் காலைநேரத்து இருபத்தொன்பது டிகிரியே நின்றது.

நண்பகலில் பண்ணை சூப்பர்வைசர் போன் செய்தார். நான் சொல்லாமல் அவர் தண்ணீர் தெளிப்பானைத் திறக்கக் கூடாது.

“ஏனுங்க, கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குதுங்க. தண்ணி உடட்டுங்களா?”

“இருபத்தொன்பதுதான் காட்டுது. சும்மா இருங்க” என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று மணிக்குத்தான் லாகின் பிழை கண்ணில் பட்டது. புதிய பாஸ்வேர்டைப் போட்டதும் எண் நாற்பத்திரண்டுக்குத் தாவியது. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

“தண்ணியத் தொறங்க! நாப்பத்திரண்டு காட்டுது!”

“குழி தோண்டிக்கிட்டு இருக்கறமுங்க” என்றார்.