சுருளியம்மாளின் தோசைக்கல்

பீட்சா என்ற பண்டத்தை நான் ஒரே ஒரு முறை தின்றிருக்கிறேன், அதுவும் அடிப்பக்கம் ஊறிப்போன ஒரு துண்டு. ஆனால் அதன் மேல் எனக்கு இருக்கிற எரிச்சலுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு பண்டத்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் பல வாரம் காலைத் தோசையில்லாமல் வேலைக்குப் போனோம். சுருளியம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்து நாலிலோ ஐந்திலோ நடந்தது. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். எனக்குப் பாக்டரியில் இலை வாட்டுகிற வேலை. பக்கத்து வீடு சுருளியம்மாள் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் சரிவில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மலை ஏற முடியாமல் வாசலில் அடுப்பு வைத்துத் தோசை சுட ஆரம்பித்தாள். எங்களுக்கு விடிந்தும் விடியாமல் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் அவளிடம் இரண்டு தோசை வாங்கித் தின்றால்தான் மத்தியானம்வரை உடம்பு தாங்கும்.

அந்தத் தோசைக்கல் போடிச் சந்தையில் அவளே பார்த்து வாங்கி, தலைச்சுமையாக மலையேற்றிக் கொண்டுவந்தது. நல்ல கனத்த இரும்பு. ஆரம்பத்தில் தோசை பிய்ந்து பிய்ந்து வந்ததாம், லயத்துக் கோழியெல்லாம் கொழுத்துப்போனது என்பாள். எண்ணெயும் வெங்காயமுமாகத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிவிட்டாள். நான் பார்த்த காலத்தில் கல் கருகருவென்று மினுங்கும், மாவை ஊற்றினால் தோசை தானாக ஓரம் தூக்கிக்கொள்ளும். அதில் சப்பாத்தி போடக்கூடாது, முட்டை ஊற்றக்கூடாது, சோப்பு படவே கூடாது, வேறு யாரும் தொடவும் கூடாது. புருஷன் மொக்கையனுக்கும் அதே சட்டம்தான்.

மொக்கையன், எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களாவில் சமையல்காரர். கைப்பக்குவத்தில் கெட்டிக்காரர். ஆனால் பங்களாவில் யார் எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. துரையின் மனைவி துரைசானி வெளிநாடு போய் வந்தவர். அங்கே தின்ற பீட்சாவை இங்கே பண்ணியே தீரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். கம்பெனிப் பெரிய துரை குடும்பத்தோடு வரப்போகிறார், அவருக்கு அதுதான் விருந்தாம். மாவு, தக்காளி, கொச்சியிலிருந்து டின்னில் வந்த சீஸ், எதிலும் குறையில்லை. அடிப்பக்கம்தான் முறுகமாட்டேன் என்றது. அலுமினியத் தட்டில் வைத்து விறகடுப்பின் ஓவனுக்குள் தள்ளினால் மேலே சீஸ் கருகுகிறது, கீழே மாவு வெளுத்துப்போய்ச் சொதசொதவென்று கிடக்கிறது.

மனுஷன் கிறுக்குப் பிடித்தாற்போல் அலைந்தார். கூரை ஓடு ஒன்றைக் கழுவி வைத்துப் பார்த்தார், சூட்டில் இரண்டாகப் பிளந்தது. ஆற்றில் சப்பட்டைக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்து வைத்தார். அது ஓவனுக்குள்ளேயே வெடித்து, துப்பாக்கிச் சத்தம் என்று துரைசானி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாராம். அதோடு விட்டாரா? என்னிடம் வந்து பாக்டரி உலைச் செங்கல் கேட்டு நச்சரித்தார். நாலு கொடுத்துத் தொலைத்தேன். மாவு செங்கல் இடுக்கில் இறங்கிக் கெட்டியாகி, கம்பியால் தோண்டித்தான் எடுத்தார்களாம். கெட்டுப்போன பீட்சாவெல்லாம் லயத்துக்கு வரும். நான் தின்ற துண்டு அப்படி வந்ததுதான்.

"கனமான இரும்பா இருக்கணும், பொன்ராஜு. சூட்ட இழுத்து வச்சிருக்கணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கண்ணை மெல்ல அவள் அடுப்புப் பக்கம் ஓட்டினார். சுருளியம்மாள் கரண்டியை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் பார்வ போச்சு, தெரியும் சேதி. உங்க தொரைசானிக்கு முறுகலா வேணும்னா இங்க வந்து ரெண்டு தோச திங்கச் சொல்லுங்க."

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கல்லைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பீட்சா பிரமாதமாக முறுகிவிட்டது. வினையே அதுதான். துரைசானி கைதட்டினாராம். பெரிய துரை வந்து போகிறவரை இந்தக் கல் இங்கேயே இருக்கட்டும், தினமும் போட்டுப் பழகலாம் என்றாராம். இவர் வேறென்ன சொல்வார்? "சரிங்கம்மா." யாருடைய கல் என்று கேட்டதற்கு "நம்ம கல்லுதாங்கம்மா" என்று வேறு சொல்லியிருக்கிறார். இத்தனையையும் ஏதோ பரிசு வாங்கி வந்தவர்போல வீட்டில் வந்து அவரே ஒப்பித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாமா என்று வந்தது.

"நம்ம கல்லா?" என்று மட்டும் கேட்டாள் அவள். 

மறுநாள் தட்டோடு போய் நின்றோம். அடுப்பில் நெருப்பில்லை. மாவுச் சட்டி மூடிக் கிடந்தது. சுருளியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்லு பங்களாவுல இருக்கு. தோச வேணும்னா அங்க போயிக் கேளுங்க."

பசித்தவனுக்கு யோசனை ஏது? போனோம். ஆணும் பெண்ணுமாக, போர்த்திய கம்பளியோடு, கையில் தட்டோடு, பனிக்குள் நடந்து பங்களாவின் சமையலறை வாசலில் போய்க் கூட்டமாக நின்றோம். நாய்கள் குரைத்துத் தள்ளின. அந்த வருஷங்களில் பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே துரைமார்கள் பதறிவிடுவார்கள். துரை தூங்கின உடுப்போடே வெளியே ஓடி வந்தார்.

"ஸ்ட்ரைக்கா? யூனியன் ஆளு யாரு? என்ன டிமாண்டு?"

ராமுத்தாய்தான் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "தோசக்கல்லுங்க தொரை. சுருளியம்மா கல்லு. அதக் குடுத்துட்டீங்கன்னா தின்னுட்டு வேலைக்குப் போயிருவோம்."

துரைக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் வந்து நின்ற துரைசானி, "சுருளியம்மா யாரு?" என்றார்.

"என் சம்சாரங்கம்மா" என்றார் மொக்கையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப அது அவங்க கல்லா? அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தானே கொண்டுவந்தே?"

அதற்கு அவர் "சரிங்கம்மா" கூடச் சொல்லவில்லை.

கல் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. ஆனால் என்ன பிரயோசனம்? தக்காளிச் சாறும் சீசும் கருகிப் பிடித்ததை, பங்களாவில் சோப்புப் போட்டு இரும்பு நாரால் சுரண்டியிருந்தார்கள். கருப்பெல்லாம் போய்த் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது. சுருளியம்மாள் விரலால் தடவிப் பார்த்தாள். அடுப்பை மூட்டி, காயவைத்து, எண்ணெய் தேய்த்து ஒரு கரண்டி ஊற்றினாள். ஒட்டிக்கொண்டது. சுரண்டிப்போட்டுவிட்டு இன்னொன்று ஊற்றினாள். அதுவும் பிய்ந்து சுருண்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கால் ஒடிந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"புதுக்கல்லு வாங்கித் தாரேன்" என்றார் மொக்கையன்.

"கல்லு எந்தச் சந்தையிலயும் கெடைக்கும்யா. காலு போயி மூலையில கெடந்தப்ப, இனி இவ எதுக்கு ஆவான்னு ஊரே பேசுச்சு. அந்தப் பேச்ச நிப்பாட்டுனது இந்தக் கல்லு. எல்லாந் தெரிஞ்ச மனுசன்தான நீ? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

 அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம் அந்த அடுப்புப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு மொக்கையன்தான் இருட்டோடு எழுந்து வாசலில் உட்கார்ந்து கல்லைத் தேய்த்தார். எண்ணெய் தடவினார், வெங்காயம் தேய்த்தார், ஊற்றினார், பிய்த்தார். பிய்ந்ததையெல்லாம் அவரே தின்றுவிட்டுப் பங்களாவுக்குப் போவார். பெரிய துரை வந்தபோது கோழிக்குழம்பும் சோறும்தான் விருந்து. நாங்கள் கடையில் காய்ந்த ரொட்டியை வாங்கி, டீயில் முக்கித் தின்றுவிட்டு, மொக்கையன் காதுபடவே திட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம்.

எத்தனையோ நாள் கழித்து ஒரு விடியலில் ஒரு தோசை முழுசாகக் கிளம்பி வந்தது. வாசனைக்கு வந்து நின்ற எங்களில் யாருக்கும் தராமல், மொக்கையன் அதைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார்.  கொஞ்ச நேரத்தில் சுருளியம்மாள் காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். பாதித் தோசை இன்னும் அவள் கையில் இருந்தது. பின்னாலேயே வந்த மொக்கையன் பழைய இடத்தில் போய் உட்காரப் பார்த்தார்.

"உப்புப் பத்தல" என்றாள் அவள். "தள்ளுங்க அங்கிட்டு."