ரத்தத்தில் உலோகம் என்றார்கள்

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது அவருக்கு. கம்பெனியில் அவரைக் 'கயிறு' என்பார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்டின் இரும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. "கயிறு திரிக்கிற ஆளுக்கெல்லாம் இந்தப் பேரை வைக்கலாம், எனக்குப் போய் வச்சாங்களே" என்று அவரே சிரிப்பார். பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் ஒன்று இருக்கும், காரணம் கிடைத்தால் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் தப்பாகப் போயிற்று.

மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு குறைவு. ஆனால் கைகள் சும்மா இருக்காது. கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பும். தூங்கும்போது மட்டும்தான் நிற்கும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் மனைவி அழைத்துப் போவாள். தையல் கடையில் விடுப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. நான்கு வருடத்தில் மாற்றம் ஆமை வேகத்தில்தான் இருந்தது. அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவைச் சரிசெய்யப் போனார். மேல் மாடியில் ஒரு கிளினிக். சுவரில் பெரிய படம்: குழந்தையின் மூளை, அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். 'ஆட்டிசத்தின் வேர் உடம்பில் சேர்ந்த உலோகம்' என்று கீழே எழுதியிருந்தது. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டார். இதைத்தானே நான்கு வருடமாகத் தேடினோம்?

அடுத்த வாரம் மகளை அழைத்துப் போனார். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு மாத்திரையைக் கொடுத்து, அதற்குப் பிறகு வந்த சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த தாளில் ஈயத்துக்கு நேரே நீளமான சிவப்புக் கோடு.

மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோமே."

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க. நாலு வருஷமா அவங்க என்ன கிழிச்சாங்க?"

"அவசரப்படுறீங்க."

"அளந்து காட்டியிருக்காங்க. கண்ணால பார்க்கிறேல்ல?"

அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். முதல் இரண்டு முறையும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சிறுமி சோர்ந்திருந்தாள், அவ்வளவுதான். மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மகள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர். எதிரில் இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய் ஒருத்தி, தன் முறைக்காகக் காத்திருந்தாள். நர்ஸ் பாட்டிலை மாட்டினாள். போன தடவை பார்த்த பாட்டில் மாதிரி இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

இருபது நிமிடம் இருக்கும். அறையில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று புரிய ஒரு கணம் பிடித்தது.

மகளின் விரல்கள் நின்றுவிட்டன.

தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. வலது கை மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிப்போயிருந்தன. பிரிக்கப் பார்த்தார். மரக்கட்டை மாதிரி இருந்தது. உதட்டோரம் துடித்தது.

"சிஸ்டர், இங்க பாருங்க."

நர்ஸ் பார்த்தாள், முகம் வெளிறியது. ஓடிப்போய்க் கோட்டுக்காரரை அழைத்துவந்தாள். அவர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்."

கயிற்றுக்காரர் மகளின் நெஞ்சில் கை வைத்தார். துடிப்பு ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. லிஃப்டில் சத்தம் மாறினால் முதலில் நிறுத்து, காரணத்தை அப்புறம் தேடு. எத்தனை புது ஆட்களுக்கு இதைச் சொல்லியிருப்பார். குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை இறுக்கித் திருப்பினார். சொட்டு நின்றது.

"தொடாதீங்க. பாதியில நிறுத்தினா இதுவரைக்கும் செஞ்சது எல்லாம் வீணாப்போயிடும்."

"போகட்டும். சிஸ்டர், ஊசியை எடுங்க."

நர்ஸ் கோட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே குனிந்து ஊசியை உருவினாள்.

மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். அந்த லிஃப்டின் வேகம் அவருக்குத் தெரியும். நான்காவது மாடியில் பின்னாலிருந்து காலடிச் சத்தம். நர்ஸ்தான். மூச்சிரைக்க, காலி மருந்துக் குப்பி ஒன்றை அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

"அண்ணே, இதைத்தான் பாட்டில்ல கலந்தது. ஆஸ்பத்திரில காட்டுங்க. நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க."

டாக்சியில் மகளின் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "இதை எதுக்குப் போட்டாங்க?"

"ஆட்டிசத்துக்கு."

டாக்டரம்மா அங்கிருந்த நர்ஸைப் பார்த்து, "கால்சியம் எடுங்க, சீக்கிரம்" என்றார். சிறுமியின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு கோணல்மாணலாக ஓடியது. ஒரு ஊசி நிறைய மருந்தை டாக்டரம்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், மெள்ள மெள்ள ஏற்றினார். கயிற்றுக்காரர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மகளின் சுண்டுவிரல் அசைந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா பேசினார்.

"பேர்ல ஒரே மாதிரி ரெண்டு மருந்து இருக்கு, முந்தி போட்டது மத்ததா இருந்திருக்கும். இந்த மருந்து ஈயத்தை மட்டும் தேடிப்பிடிக்காதுங்க. ரத்தத்துல இருக்கிற கால்சியத்தையும் சேர்த்து அள்ளிடும். கால்சியம் இறங்கினா முதல்ல கை இழுக்கும். அப்புறம் இதயம்."

"நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும். இதாலயே குழந்தைங்க செத்துப்போயிருக்காங்க."

கயிற்றுக்காரர் சட்டைப் பையிலிருந்து பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினார்.

"மாத்திரை குடுத்துட்டு எடுத்ததா? மாத்திரை போட்டு உலோகத்தை வெளிய இழுத்துட்டு அளந்தா, உங்களுக்கும் எனக்கும்கூடக் கோடு சிவப்பாத்தான் வரும். நிஜமாவே ஈயம் ஏறினவங்களுக்கு இந்த மாதிரி வைத்தியம் உண்டு. அதையும் ரத்தத்தைச் சோதிச்சு, ஆஸ்பத்திரியில வச்சு, பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம். ஆட்டிசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

மனைவி கடையிலிருந்து வந்து சேர்ந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"இவ உலோகத்தால இப்படி இல்லைங்க. இவ இப்படித்தான்" என்றாள் மெதுவாக. "இவளைச் சரிபண்ணணும் சரிபண்ணணும்னு நீங்க கிளம்பினப்பவே எனக்குப் பயமா இருந்துச்சு."

நான்காம் நாள் மகள் வீடு திரும்பினாள்.

அவர் சுகாதார அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். குப்பி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, கீழே கிடந்தது, எடுத்தேன் என்றார். கிளினிக் நர்ஸ் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நினைத்தார். பத்தாம் நாள் அந்தப் பெண்ணே அலுவலகத்துக்குப் போய், "நான்தான் குடுத்தேன்" என்று சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாளாம். கிளினிக்குக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

கிளினிக்கில் எண் கொடுத்திருந்த இரட்டைக் குழந்தைகளின் தாயைப் போனில் அழைத்தார். "உங்க பொண்ணு உடம்புக்கு ஒத்துக்கலைன்னா எங்க பிள்ளைங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?" என்று வைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து அவளே அழைத்தாள். ரத்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்று மட்டும் கேட்டாள். சொன்னார். நன்றிகூடச் சொல்லாமல் வைத்தாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது பேச்சுப் பயிற்சிக்கு அவர்தான் அழைத்துப் போகிறார். முதல் நாள் பயிற்சியாளர், "அடுத்து என்ன வார்த்தை சொல்லிக்குடுக்கலாம்? 'அப்பா'வா?" என்று கேட்டார்.

அவர் யோசிக்கவே இல்லை.

"'வேணாம்'னு சொல்லக் கத்துக்குடுங்க."

நான்கு மாதம் ஆகிறது. இன்னும் வாயில் சொல்ல வரவில்லை. ஆனால் பிடிக்காததை யாராவது நீட்டினால் உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டுகிறாள். போன வாரம் அவர் சட்டை மாட்டிவிடப் போனபோது அப்படி நீட்டினாள். அவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். சட்டை இல்லாமலே அன்று சாப்பிட்டாள்.