மஸ்கட்டுக்குப் போன உப்பளச் சட்டை

மகளுக்கு மஸ்கட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, துணிக் கவலை. நான் எட்டாவதோடு நின்றவள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கே அளவெடுக்கிறேன், ஆனால் அந்த ஊரில் டீச்சர் என்ன போட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"லேடீஸ் மட்டும் படிக்கிற சென்டரு. உடம்பு தெரியாம டீசன்டா வரணுமாம்" என்றாள் மகள். மீதியை என் பயம் சொல்லிக்கொண்டது. மணிக்கட்டு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? கழுத்து கொஞ்சம் இறங்கிவிட்டால்?

உடம்பு தெரியாத உடுப்பு என்றால் நான் கண்டது ஒன்றுதான். இங்கே உப்பளத்துக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். முழுக்கை, கழுத்துவரை பட்டன், வெயிலும் உப்பும் உள்ளே நுழையாது. அதையே மனதில் வைத்து, நல்ல காட்டனில், முட்டிக்குக் கீழே இறக்கித் தொளதொளவென்று தைத்துத் தள்ளினேன்.

"ஏம்மா, புள்ள பாடம் நடத்தப் போவுதா, உப்பு வாரப் போவுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. லூசா இருந்தா பிடிச்சுக்கலாம். டைட்டா இருந்தா துணிக்கு எங்க போறது?"

பெட்டி மூலையில் ஊசி, நூல், குண்டூசி, புடவையில் வெட்டிய அரக்கு ஜரிகை பார்டர் எல்லாம் வைத்தேன். மகள் எடுத்து வெளியே போட்டாள். அவள் குளிக்கப் போனதும் மறுபடியும் உள்ளே வைத்தேன்.

அவள் போய்ச் சில நாட்களில் போன் வந்தது. குரலே சரியில்லை.

"அம்மா, எல்லாரும் மேல புர்கா மாதிரி கருப்பு அபாயா போட்டுக்கினு வர்றாங்க. உள்ள வந்ததும் கழட்டி மாட்டிடறாங்க. அப்புறம் பாத்தா கல்யாண வீடு மாதிரி இருக்குது! நான் மட்டும் சாக்கு கட்டின மாதிரி நிக்கிறேன்."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஹெட் மேடம் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. டீச்சருன்னா பளிச்சுன்னு இருக்கணுமாம். நாளன்னிக்கு என் கிளாஸ்ல வந்து உக்காரப் போறாங்க. அதப் பாத்துட்டுத்தான் வேலைய பர்மனென்ட் பண்ணுவாங்களாம்."

என் தையலால் பிள்ளையின் வேலை போய்விடுமோ?

மறுநாள் காலை கடைக்கு ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் கல்ஃபில். தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம்தான் பிளவுஸ் கொடுப்பாள். அவளிடம் கொட்டிவிட்டேன். புர்காவுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அய்ய அக்கா! மூடுறத அபாயா பாத்துக்கும், உள்ள நம்ம இஷ்டம். என் பிளவுஸுக்கு அவ்ளோ கல்லு வெச்சுத் தெக்கிறீங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

இத்தனை வருஷம் கல் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீடியோ கால் போட்டேன். "சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுக்கினு நில்லு. போனை ஜன்னல்ல சாத்தி வை. பெட்டி மூலைல ஊசி நூல் இருக்கும் பாரு."

"நான்தான் வெளிய எடுத்துப் போட்டேனே!"

"பாரு."

இருந்தது. கையால் தொட முடியாததால் வாயாலேயே தைத்தேன். "அக்குளுக்குக் கீழ ரெண்டு விரல் பிடி. பின்னு குத்து. வயித்த எக்காத."

"எக்கலம்மா!"

"எக்கற. எனக்குத் தெரியும்."

"அங்க குத்து இங்க குத்துன்னு புள்ள உடம்ப சல்லடையாக்கிடாத" என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

பின் குத்திய இடத்தைத் தைத்துவிட்டு, காலரைப் பிரிக்கச் சொன்னேன். கழுத்திலும் கை முனையிலும் அரக்கு பார்டரை வைத்துத் தைக்கச் சொன்னேன். ஊசியே பிடிக்காத பெண் விரலைச் சப்பிக்கொண்டே தைத்தாள். பக்கத் தையல் கோணலாகப் போகிறது என்று அழாத குறை. உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

வகுப்பு நடந்த அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. போர்டில் எழுதக் கையைத் தூக்குவாளே, அக்குளில் பிரிந்துவிட்டால்? அந்த நினைப்பில் யாருடைய சுடிதாருக்கோ இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

மத்தியானம் முகம் நிறையச் சிரிப்போடு வீடியோவில் அழைத்தாள். "அம்மா, பர்மனென்ட்! கிளாஸ் முடிஞ்சதுமே சொல்லிட்டாங்க. புள்ளைங்கெல்லாம் பார்டரைத் தொட்டுத் தொட்டு, எங்க வாங்கினீங்கன்னு கேக்குதுங்க."

"கையத் தூக்கு."

"என்னது?"

"போர்டுல எழுதுற மாதிரி தூக்கு, பாக்கணும்."

தூக்கினாள். தையல் அசையவில்லை.

"பாடம் எப்படி நடத்தினேன்னு கேக்கவே இல்லியே நீ!"

"கேக்கறேன். மொதல்ல இன்னொரு கையத் தூக்கு."